ஓசையற்ற வண்டியும் நம் அமானிதமும்

மாலை மதரஸாவின் வாசலில் முன்பு மிதிவண்டிகள் நின்றன. இப்போது மின்சார ஸ்கூட்டர்களும் நிற்கின்றன. ஓட்டி வருவோர் பள்ளிச் சிறுவர்கள். "இதற்கு உரிமம் தேவையில்லையே, ஹஜ்ரத்" என்பதே பெற்றோர் எங்களிடம் கூறும் பதில்.

நம் நாட்டு விதிப்படி, 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உடைய வண்டிக்கே அவ்விலக்கு உண்டு. அதனினும் வேகமானவற்றுக்குப் பதிவும் உரிமமும் கட்டாயம். சிறுவர் அவற்றை ஓட்டிக் குற்றமிழைத்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

சட்டம் விலக்களித்த வண்டிக்கும் சாலை விலக்களிப்பதில்லை. திருவல்லிக்கேணி போன்ற நெருக்கடியான பகுதிகளில், பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் இடையே தலைக்கவசமின்றிச் செல்லும் சிறுவனுக்கு அந்தக் குறைந்த வேகமே போதும், உயிருக்கு ஆபத்து விளைய. எஞ்சின் ஓசை இல்லாமையால், பின்னே வண்டி வருவதை முதியவரும் பார்வையற்றவரும் அறியார்.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று பாடம் நடத்துகிறோம். அப்பாதைக்கே நம் பிள்ளையை இடையூறாக அனுப்பலாமா? அவன் உயிரும் எதிரே நடந்து வருபவரின் உயிரும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.

உரிய வயதும் பயிற்சியும் வருமுன் சாவியைக் கொடாதிருப்போம். கொடுக்கும் நாளில் தலைக்கவசத்தையும் சேர்த்தே கொடுப்போம். நடந்து வரும் பிள்ளை சற்றுத் தாமதித்தால், உஸ்தாதுமார்களாகிய நாங்கள் பொறுத்துக்கொள்வோம்.