கையில கட்டுற போன் வாங்குறதுக்கு முன்னாடி

பண்டிகைக்கு ஊருக்கு வர்ற பிள்ளைங்க முன்னெல்லாம் அப்பனுக்கு வேட்டி, ஆத்தாளுக்குச் சேலைன்னு எடுத்துட்டு வருவாங்க. இந்த ரெண்டு மூணு வருசமா வாட்ச் எடுத்துட்டு வர்றாங்க. சும்மா மணி பாக்குற வாட்ச் இல்லீங்க, போன் பேசுற வாட்ச். எங்க ஊர்ல மட்டும் ஏழெட்டுப் பேர் கையில இருக்கு. எல்லாரும் அறுபதைத் தாண்டினவங்க. கொடுத்த பிள்ளைங்க சொன்ன வார்த்தை மட்டும் ஒண்ணுதான்: "தோட்டத்துல தனியா இருக்கறப்ப ஏதாச்சும்னா இதுலயே கூப்பிடுங்கப்பா."

அந்த வாட்சுகளை ஒவ்வொண்ணா வாங்கிப் பாத்தேன். ஒண்ணே ஒண்ணைத் தவிர மத்த எதுலயும் போன் பக்கத்துல இல்லாம யாரையும் கூப்பிட முடியாது. வாங்கிக் கொடுத்த பிள்ளைக்கும் அது தெரியல, கட்டியிருக்கிற பெரியவருக்கும் தெரியல. ரெண்டு பேருமே தைரியமா இருக்காங்க. இல்லாத ஒண்ணை நம்பி வர்ற தைரியம் இருக்கே, அது பயத்தைவிட மோசம்ங்க. பட்டணத்துல இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்.

கடையில "காலிங் வாட்ச்"னு சொல்லி விக்கிறதுல முக்கால்வாசி புளூடூத் வாட்ச். ஆயிரத்தைந்நூறு, ரெண்டாயிரத்துக்கே கிடைக்குது. அதுல ஒரு மைக்கு, ஒரு ஸ்பீக்கர். அவ்வளவுதான். கூப்பிடுறது உங்க பாக்கெட்டுல இருக்கிற போன். வாட்ச் அதுக்கு ஒரு காதும் வாயும் மாதிரி. போனுக்கும் வாட்சுக்கும் நடுவுல பத்து மீட்டர் தூரம், மிஞ்சிப் போனா கொஞ்சம் கூட. நடுவுல ஒரு சுவரோ, வரப்பு மேடோ வந்தா அதுவும் கம்மி.

விவசாயிக்குச் சொல்றதா இருந்தா நான் இப்படிச் சொல்வேன். எங்க மோட்டார் ரூம்ல செல் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கோம். வீட்டுல இருந்து போன் பண்ணினா மோட்டார் ஓடும். எப்படி ஓடுது? அந்தப் பெட்டிக்குள்ள தனியா ஒரு சிம் இருக்கு. சிம்மைக் கழட்டிட்டா அது வெறும் தகரப் பெட்டி. வாட்சும் அதே கணக்குதான். தனி சிம் இருந்தா அது போன். இல்லைன்னா போனோட வால்.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். போன் எப்பவும் சட்டைப் பையிலதானே இருக்கும், அப்புறம் என்ன? ஆபீஸ்ல வேலை பாக்குறவங்களுக்கு அது சரி. தோட்டத்துல முதல்ல கழட்டுறது சட்டையைத்தான். போனோட சேத்து வேப்பமரத்துல மாட்டிட்டுத்தான் மம்பட்டியை எடுப்போம். தண்ணி கட்டுறப்ப, மருந்தடிக்கிறப்ப, தென்னைக்குக் குழி எடுக்கிறப்ப போனை உடம்புல வச்சிருக்க முடியாது. நனையும், வேர்வையில ஊறும், குனிஞ்சா வாய்க்கால்ல விழும். ஆக, ஆபத்து வர்ற நேரத்துல போன் கிட்டக்க இருக்காது. அதுக்காகத்தானே வாட்சே வாங்குறோம்?

எங்க பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்கு நடந்ததைச் சொல்றேன். மும்முனை கரண்டு வந்த நேரம் பாத்துத் தண்ணி மாத்தி விடப் போனவர், வாய்க்கால் கரையில கால் வழுக்கிக் கணுக்கால் முறிஞ்சு உக்காந்துட்டார். போன் மோட்டார் ரூம் ஆணியில தொங்குது. இருநூறு அடி தூரம். கையில மகன் வாங்கிக் கொடுத்த வாட்ச். அமுத்தி அமுத்திப் பாத்திருக்கார். "இணைப்பு இல்லை"ன்னே காட்டியிருக்கு. விடிஞ்சு பால் ஊத்தப் போன பையன் சத்தம் கேட்டு ஓடி வர்றதுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஈரத்துலயே கெடந்தார். "இது கெட்டுப் போச்சு போல, அதான் வேலை செய்யல"ன்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு என்கிட்ட சொன்னார். கெடவே இல்லீங்க. அந்த வாட்சோட வேலையே அவ்வளவுதான். கால் முறிவுங்கிறதால ரெண்டு மணி நேரம் தாங்கினார். கட்டுவிரியன் கடியா இருந்தா?

சரி, போன் இல்லாம பேசுற வாட்ச்னா எது? ரெண்டு வகை இருக்கு.

முதல் வகை இ-சிம் வாட்ச். ஆப்பிள், சாம்சங் மாதிரி கம்பெனிகள்ல "செல்லுலார்", "எல்டிஇ"ன்னு பேர் போட்டு வரும். அதே மாடல்ல சிம் இல்லாததும் விப்பாங்க, பாக்க ரெண்டும் ஒண்ணா இருக்கும். அட்டைப்பெட்டியில அந்த வார்த்தை இருக்கான்னு பாத்து வாங்கணும். நம்ம நாட்டுல 2018ல ஆப்பிள் வாட்சுக்கு ஜியோவும் ஏர்டெல்லும் இந்த வசதியைக் கொடுத்தாங்க. இதுல உங்க போன் நம்பரே வாட்சுக்கும் வரும். போன் வீட்டுல இருந்தாலும் தோட்டத்துல வாட்ச் அடிக்கும். விழுந்து அசையாமக் கெடந்தா, ஒரு நிமிசம் போல பாத்துட்டுத் தானாவே அவசர உதவிக்குக் கூப்பிடுற வசதியும் ஆப்பிள்ல இருக்கு. நல்ல சாமான், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா அதுக்கு மூணு கட்டு இருக்கு. ஒண்ணு, விலை. சாதாரண வாட்சை மாதிரி பத்து மடங்குக்கு மேல வரும். ரெண்டாவது, ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் வேணும். இப்ப வர்ற சாம்சங் வாட்சுக்கு ஆண்ட்ராய்டு போன் வேணும், ஐபோனோட சேராது. எட்டாயிரம் ரூபா போனும், பட்டன் போனும் வச்சிருக்கிற அப்பாவுக்கு ஐபோன்காரரோட வாட்சைக் கொடுத்து என்ன பண்றது? மூணாவது, போன்ல எந்தக் கம்பெனி சிம்மோ அதே கம்பெனிதான் வாட்சுக்கும். அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க வாங்கிட்டு வர்றதுல இன்னொரு சிக்கல். செல்லுலார் வாட்சை நாட்டுக்கு நாடு வேற வேற அலைவரிசைக்குச் செஞ்சு விக்கிறாங்க. அங்க பேசுனது இங்க பேசும்னு உறுதி இல்லை. இந்தியாவுல விக்கிற மாடலையே வாங்குங்க.

ரெண்டாவது வகை, சாதா நானோ சிம் போடுற வாட்ச். தனி நம்பர், தனி ரீசார்ஜ். எந்தப் போனையும் நம்பி இல்லை. ஸ்கூல் பிள்ளைங்களுக்குன்னு வர்ற 4ஜி வாட்சும் இந்த வகைதான். அதுல பலதுல பக்கவாட்டுல ஒரு பட்டன் இருக்கும். அமுத்திப் பிடிச்சா நாம பதிஞ்சு வச்ச ரெண்டு மூணு நம்பருக்கு வரிசையாக் கூப்பிடும். கெட்டியா, அழகில்லாம இருக்கும். எங்க ஊர்ல நான் பாத்த அந்த ஒரே ஒரு நல்ல வாட்ச் இதுதான். பேத்தியோட பழசைத் தாத்தா கட்டியிருக்கார். ரோஸ் கலர் வாரு. கேலி பண்றவங்க பண்ணட்டும், அவர் ஒருத்தர்தான் உண்மையிலேயே போன் கட்டியிருக்கார்.

இந்த வகையிலயும் ஏமாத்து இருக்கு. ரொம்ப மலிவா, சிம் போடுற வாட்ச்னு சொல்லி 2ஜி மட்டும் எடுக்கிறதை விக்கிறாங்க. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. அந்தச் சிம்மைப் போட்டா சும்மா கெடக்கும். 4ஜி இருக்கா, வோல்டி பேசுமான்னு கேட்டு வாங்கணும். வோல்டி இல்லாத 4ஜி வாட்ச்ல ஜியோ சிம் நெட்டுக்கு ஆகும், நேரா கூப்பிட ஆகாது. ஜியோ நம்ம நாட்டுல 4ஜிக்கு ஓட்டுறது பேண்ட் 3, 5, 40. பெட்டியில இந்த எண்ணெல்லாம் இருக்கான்னு பாருங்க. இதை நான் சொல்றேன்னு ஆச்சரியப்படாதீங்க, செல் ஸ்டார்ட்டருக்குச் சிம் தேடி அலைஞ்சவனுக்கு இதெல்லாம் பாடம் ஆயிடும்.

என் கருத்து என்னன்னா, வாட்சைத் தேடுறதுக்கு முன்னாடி டவரைத் தேடணும். அப்பா வேலை செய்யற இடத்துக்கே நடந்து போங்க. வீட்டுத் திண்ணையில நாலு கோடு காட்டுறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. தோட்டத்துக் கடைசி வரப்பு, பள்ளத்து ஓரம், கெணத்து மேடு, மாட்டுச் சாளை, இந்த நாலு இடத்துலயும் வேற வேற கம்பெனி சிம் போட்டுக் கூப்பிட்டுப் பாருங்க. எது எடுக்குதோ அந்தச் சிம், அந்தச் சிம் சேர்ற வாட்ச். இந்த வரிசைதான் சரி. இன்னொண்ணு, வாட்சுக்குள்ள இருக்கிற ஏரியல் சின்னது. போன்ல தட்டுத் தடுமாறி எடுக்கிற இடத்துல வாட்ச் எடுக்காது. டவர் தேடித் தேடி பேட்டரியும் மத்தியானத்துக்குள்ள காலியாயிடும். எங்க பக்கம் கெணறு எண்பது அடி, நூறு அடி. அதுக்குள்ள இறங்கினவனுக்கு எந்த வாட்சும் உதவாது. மேல ஒரு ஆள் நிக்கணும். அதுக்கு மாத்து இன்னும் வரல.

பேட்டரியையும் பாக்கணும். சிம் போட்ட வாட்சை தினமும் சார்ஜ் போடணும். ஆப்பிள்லயே பல மாடலுக்கு முழு நாளைக்கு 18 மணி நேரம்னுதான் சொல்றாங்க, அதுவும் பேசிக்கிட்டே இருந்தா ரெண்டு மணி நேரம்கூட வராது. எங்கப்பா கட்டியிருந்தது எச்.எம்.டி. 1961ல பெங்களூருல ஜப்பான்காரங்க சிட்டிசன் கம்பெனியோட சேந்து ஆரம்பிச்ச தொழிற்சாலை. தினம் காலையில சாவி கொடுப்பார். அந்தப் பழக்கம் உள்ள தலைமுறைக்கு தினம் சார்ஜ் போடுறது பெரிய விசயம் இல்லை. ராத்திரி மாத்திரை சாப்பிடுறப்ப வாட்சைக் கழட்டி மாட்டணும்னு ஒரு வழக்கம் பண்ணிக் கொடுத்துட்டுப் போங்க. சொல்லாம விட்டா நாலாம் நாள் அது பீரோவுக்குள்ள போயிடும்.

அப்புறம் விரல். எங்க விரல் காப்புக் காச்சுப் போன விரல். மண்ணும் ஈரமும் இருக்கும். தொடுதிரை அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. கடையில உங்க மெத்து விரலால தொட்டுப் பாத்து வாங்காதீங்க, அப்பாவைக் கூட்டிட்டுப் போய் அவர் விரலால தொடச் சொல்லுங்க. அமுக்குறதுக்கு நிஜப் பட்டன் உள்ளதா இருந்தா ரொம்ப நல்லது.

வாட்ச் வாங்க வசதி இல்லைன்னா மனசு சங்கடப்பட வேண்டாம். சின்னப் பட்டன் போன் ஒண்ணை பாலித்தீன் உறையில போட்டு, அரைஞாண் கயித்துலயோ கழுத்துலயோ கட்டிக் கொடுங்க. 2017ல இருந்து நம்ம நாட்டுல விக்கிற போன்ல எல்லாம் ஆபத்து பட்டன் இருக்கணும்னு சட்டம். பட்டன் போன்ல 5 இல்லைன்னா 9ஐ அமுத்திப் பிடிச்சா 112க்குப் போகும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? ரெண்டாயிரம் ரூபா புளூடூத் வாட்சைவிட ஆயிரத்து ஐந்நூறு ரூபா பட்டன் போன் உயிருக்கு உத்தரவாதம்னு நான் அடிச்சுச் சொல்வேன். புளூடூத் வாட்ச் வேண்டாத சாமான்னு சொல்லல. வண்டி ஓட்டுறவங்களுக்கு, சமையக்கட்டுல இருக்கிறவங்களுக்கு வசதிதான். பாதுகாப்புக்குன்னு சொல்லிக் கொடுக்காதீங்க, அவ்வளவுதான் கேக்குறேன்.

செய்யறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். பூச்சி மருந்து டப்பாவுல விசத்துக்குத் தகுந்த மாதிரி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு முக்கோணம் போட்டு வருது. படிக்கத் தெரியாதவனும் கலரைப் பாத்துப் புரிஞ்சுக்குவான். அது மாதிரி இந்த வாட்ச் பெட்டியிலயும் "போன் அருகில் இல்லாமல் அழைக்க முடியாது"ன்னு தமிழ்ல, கண்ணுக்குத் தெரியுற எழுத்துல போடச் சொல்லணும். "காலிங்"னு பெருசா முன்பக்கமும், "புளூடூத்"னு எறும்பு சைசுல பின்பக்கமும் போடுறது நியாயம் இல்லை.

இதைப் படிச்சு முடிச்சதும் ஒரு வேலை பண்ணுங்க. ஊர்ல அப்பா அம்மா கையில ஏற்கெனவே வாட்ச் கட்டி விட்டிருந்தீங்கன்னா, இப்பவே கூப்பிட்டு, போனை வீட்டுல வச்சிட்டுக் களத்துமேடு வரைக்கும் நடந்து போய் அதுல உங்களைக் கூப்பிடச் சொல்லுங்க. வந்தா சந்தோசம். வரலைன்னா, அது என்ன வாட்ச்னு அவங்களுக்குப் பொறுமையா எடுத்துச் சொல்லிட்டு, அடுத்த தடவை வர்றப்ப சரியானதைக் கொண்டு வாங்க. அதுல பதிய வேண்டிய முதல் நம்பர் உங்களோடது இல்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரரோடது. நீங்க பெங்களூருல இருந்து கெளம்பி வர்றதுக்குள்ள அவர் வரப்புத் தாண்டி வந்து நிப்பார்.