பின்மூடியைத் திறந்து படியுங்கள்

"தாத்தாவின் கைக்கடிகாரத்தை அடகுக் கடைக்குக் கொண்டு போனேன். 916 இல்லை, 375தான் என்றார்கள். மெஷினைக் கழற்றிவிட்டு கேஸை மட்டும் நிறுத்து விலை சொன்னார்கள். கொடுத்துவிடலாமா?" என்று ஜெஞ்சாரோம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தாத்தா கேரித் தீவுப் பக்கம் தோட்டத்தில் கிராணியாக இருந்தவராம். பின்மூடிக்குள் 'டெனிசன்' என்ற பெயரும் ஒரு நங்கூரமும் இருக்கின்றனவாம்.

அவசரப்படாதீர்கள். அந்த மூடிக்குள் இருப்பதைப் படித்து முடிக்கும் வரையாவது கொடுக்காதீர்கள்.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. 375 என்றால் 9 காரட். ஆயிரம் பங்கில் 375 பங்குதான் தங்கம். கேஸ் 8 கிராம் இருந்தால் அதில் சுத்தத் தங்கம் 3 கிராம்தான். 22 காரட்டில் தாலியும் சங்கிலியும் வாங்கிப் பழகிய நமக்கு அது மட்டமாகத் தெரியும். ஆனால் பிரிட்டனில் 1854ஆம் ஆண்டிலிருந்தே 9 காரட் சட்டப்படி செல்லும் தங்கம். தினமும் கையில் கட்டும் பொருளுக்கு அந்தக் கடினம் தேவைப்பட்டது.

டெனிசன் என்பது கடிகாரம் செய்த நிறுவனம் அல்ல, கேஸ் செய்த நிறுவனம். ஆரோன் லஃப்கின் டெனிசன் 1812இல் பிறந்த அமெரிக்கர். இயந்திரங்களை வைத்துக் கடிகாரம் செய்யும் வால்தம் தொழிற்சாலைக்கு வித்திட்டவர்களில் ஒருவர். பின்னர் இங்கிலாந்துக்குப் போய், 1870களில் பர்மிங்ஹாமில் கேஸ் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அந்த நிறுவனம் 1967 வரை நடந்தது. ஒமேகா, ரோலெக்ஸ், லொஞ்சின் போன்ற சுவிஸ் நிறுவனங்களின் மெஷின்கள்கூட டெனிசன் கேஸில் பூட்டி விற்கப்பட்டன. 1915இல் பிரிட்டன் வெளிநாட்டுக் கடிகாரங்களுக்கு 33⅓ விழுக்காடு வரி போட்டது. மெஷினை மட்டும் வரவழைத்து, தங்கக் கேஸை உள்நாட்டிலேயே செய்துகொள்வது வணிகர்களுக்குக் கட்டுப்படியானது.

இனி முத்திரைகளுக்கு வருவோம். ஏ.எல்.டி. என்ற மூன்று எழுத்து இருந்தால் அது டெனிசனின் அடையாளம். நங்கூரம், 1773இல் தொடங்கிய பர்மிங்ஹாம் தங்கப் பரிசோதனை அலுவலகத்தின் சின்னம். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம்! லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, செஸ்டருக்கு வாளும் மூன்று கோதுமைக் கதிர்க்கட்டும். அருகில் தனியாக ஓர் எழுத்து இருக்கும். அதுதான் ஆண்டு. பர்மிங்ஹாமில் 'எச்' என்பது மெர்டேக்கா ஆண்டான 1957ஐக் குறிக்கும். ஆனால் 1932க்கும் அதே 'எச்'தான். எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள கட்டத்தையும் பார்த்தே பிரித்தறிய வேண்டும். அது கேஸைச் சோதித்த ஆண்டு; பரிசாகக் கைக்கு வந்தது ஓரிரு ஆண்டு தள்ளியும் இருக்கலாம்.

மூன்று இடங்களில் ஏமாறுவார்கள். முதலாவது, நங்கூரத்துக்குப் பதில் முக்கோணம் இருந்தால், அது பர்மிங்ஹாமில் சோதித்த வெளிநாட்டுக் கேஸ். 1907க்குப் பிறகு வந்த விதி இது. தங்கம் உண்மைதான், ஆனால் இங்கிலாந்தில் செய்ததல்ல. இரண்டாவது, 'ரோல்ட் கோல்ட்', 'கோல்ட் ஃபில்டு', '10 ஆண்டு', '20 ஆண்டு' என்றெல்லாம் இருந்தால் அது மேலே தங்கத் தகடு ஏற்றியது. டெனிசனும் அப்படிப்பட்ட கேஸ்களைச் செய்திருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து நம்பக்கூடாது. மூன்றாவது, பாலிஷ் போட்டுப் போட்டு முத்திரை தேய்ந்த கேஸ். அதற்குச் சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள்.

மூடியில் தாத்தாவின் பெயரும் சேவைக் காலமும் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீண்ட சேவைக்குத் தங்கக் கடிகாரம் கொடுப்பது பிரிட்டிஷ் நிறுவனங்களின் வழக்கம். அந்த எழுத்து இருந்தால் வியாபாரிக்கு அது குறை. சிலர் தேய்த்து எடுத்துவிட்டு விற்பார்கள். உங்களுக்கோ அதுதான் முதல். நம் தோட்டங்கள் பல இன்று இல்லை, லயங்கள் இடிந்துவிட்டன. ஒருவர் அங்கே இத்தனை ஆண்டு உழைத்தார் என்பதற்குப் பல குடும்பங்களில் எழுத்தில் இருக்கும் சாட்சி இந்த மூடியளவுதான். கேஸை உருக்கினால் அதுவும் போய்விடும்.

ஆகவே, சமையலறைக் கத்தியால் நெம்பாதீர்கள். கிள்ளானிலோ பந்திங்கிலோ பழைய கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லி, கைப்பேசியில் நெருக்கமாகப் படம் எடுங்கள். முத்திரைகளை ஒரு தாளில் எழுதி, தாத்தா வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். அதன் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்ற நிலை இருந்தால், பழைய கடிகாரம் வாங்குபவரிடம் முழுக் கடிகாரமாகவே விலை கேளுங்கள். மெஷினைக் கழற்றித் தராசில் வைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.