பழைய புல்லட்டும் பற்சக்கரமும்

உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் இற்றைநாளில் மோட்டார் வண்டிகளாலும் உலகறியப் பெற்றிருக்கின்றது. அதனருகே ஒரகடத்தில் 2013-ம் ஆண்டிலும், வல்லம் வடகாலில் 2017-ம் ஆண்டிலும் ராயல் என்பீல்டு நிறுவனத்தார் தொழிற்சாலைகளைத் தொடங்கினர். அவற்றினின்று வெளிப்போதரும் புதிய வண்டிகளைக் கண்டு, தந்தையாரோ பாட்டனாரோ விட்டுச்சென்ற பழைய புல்லட்டையும் அவற்றிற்கு ஈடாக ஓட்டிவிட வேண்டுமென விழையும் இளைஞர் நம்மிடையே பலர். நான்கு கியர்ப் பெட்டியைக் களைந்துவிட்டு ஐந்து கியர்ப் பெட்டியைப் பூட்டினால் வண்டி விரைந்தோடும் என்பது அவர்தம் நம்பிக்கை. இஃது ஆராயாது கொண்ட நம்பிக்கை என்பதே எமது துணிபு.

சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1955-ல் இங்கிலாந்து தேசத்து ரெட்டிச் நகரத்துக் கம்பெனியாருடன் கூடி, என்பீல்டு இந்தியா என்னும் பெயரால் திருவொற்றியூரில் செய்யத் தொடங்கிய வண்டி இது. 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் சுமார் 18 குதிரைத்திறனும் உடைய அதன் எஞ்சின், மெல்லச் சுழன்றே மிக்க பாரத்தை இழுக்க வல்லது. எஞ்சினுக்குப் பின்னே தனியே பொருத்தப்பட்ட அல்பியன் வகைக் கியர்ப் பெட்டியில் நான்கு விகிதங்கள் உள: முதலாவது 2.78, இரண்டாவது 1.84, மூன்றாவது 1.36, நான்காவது 1. வலக்காலால் மேலே ஒன்றும் கீழே மூன்றுமாக மாற்றுவதும், நியூட்ரலைத் தேடித் தவிப்பார்க்கென ஒரு சிறு நெம்புகோல் வைத்திருப்பதும் இதன் தனிச்சிறப்பு.

நான்காம் கியரின் விகிதம் 1 என்பதை அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பெட்டிக்குள் எத்துணைச் சுற்றுப் புகுகின்றதோ அத்துணையே வெளிவருகின்றது. சக்தி பக்கத்துத் தண்டிற்குச் சென்று மீளாது நேரே பாய்தலின் விரயமும் சிறிது. பின்னாளில் இதே வார்ப்பிரும்பு எஞ்சினுக்குக் கம்பெனியாரே ஐந்து கியர்ப் பெட்டியைப் பூட்டினர். அதன் ஐந்தாம் கியரின் விகிதம் யாது? அதுவும் 1 தான்! ஏணியில் படிகள் கூடின. ஏணியின் உயரம் கூடவில்லை. படிகள் நெருங்கியிருப்பின் ஏறுதல் எளிதென்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின் வேகத்தை நாடிச் சென்றவர் பெரும்பொருள் செலவிட்டுப் பெற்றது அதுவன்று. கழற்றிய பழம்பெட்டியோ காயலான் கடைக்குப் போய்விடுகின்றது.

உண்மையில் மாற்றத்தக்கது பெட்டிக்கு வெளியே இருக்கின்றது. மெக்கானிக்குகள் ஸ்ப்ராக்கெட் எனக் கூறும் முன் பற்சக்கரத்திற்கு 350 புல்லட்டில் 16 பற்கள், பின்சக்கரத்ததற்கு 38. பின்னது பிரேக் டிரம்முடன் ஒன்றாய் அமைந்திருத்தலின் அதனைத் தொடுதல் வீண் சிரமம். முன்னதை 17 பல்லாக்கினால், எஞ்சின் நிமிடத்திற்கு 3,400 சுற்றுச் சுழன்று ஓடிய அதே வேகத்திற்கு 3,200 போதும். 18 பல்லாக்கினால் 3,020 அளவில் நிற்கும். பெங்களூர்ப் பெருவழியில் மணிக்கணக்காய் ஓடுவார்க்கு எஞ்சின் அதிர்வு இதனால் எவ்வளவு தணியும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அங்ஙனமாயின் 18 பல்லையே பூட்டலாகாதோ என வினவலாம். அதே பெருவழியினின்று பிரிந்து ஏலகிரிக்கு ஏறிப் பார்க்க. அங்குள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில், பின்னே ஒருவரை ஏற்றிக்கொண்டு, முதற்கியரின் இழுவலி ஒன்பதில் ஒரு பங்கு குறைந்த வண்டியைத் திருப்புவோர் கிளட்சைப் பாதி அழுத்தியபடியே ஏற வேண்டி வரும், தகடுகள் கருகும். சமதரையிலும் எதிர்க்காற்று வீசின் மேல் கியர் தாங்காது. மூன்றாவதற்கு இறங்கின், பெற்ற பயன் அப்போதே தொலைந்தது. ஆதலின் ஒரு பல் கூட்டுதலே எமக்கு உடன்பாடு.

ஒரு திருகையும் மாற்றலாகாதெனச் சாதிக்கும் பழமைவாதியார் இதற்கும் முகஞ்சுளிப்பர். 500 புல்லட்டிற்குக் கம்பெனியாரே 17 பல் வைத்தனரென்பதை அவர்க்கு நினைவூட்டுகின்றோம். பண்டு இங்கிலாந்தில் சைட்கார் பூட்டும் வண்டிகளுக்குச் சிறிய பற்சக்கரம் கொடுத்ததும் வழக்கமே. பாதைக்கும் பாரத்திற்கும் ஏற்ப விகிதத்தை அமைப்பது செய்தவர்களே கைக்கொண்ட முறை; பாட்டனார் ஓடிய மண்சாலை இன்று ஆறுவழிச் சாலையாயிருக்க, விகிதம் மட்டும் மாறலாகாதென்பது என்ன நியாயமோ!

வேலை எளிதன்று. அச்சக்கரம் கிளட்சுக்குப் பின்னே ஒளிந்திருத்தலின், பிரைமரி செயின் மூடியையும் கிளட்சையும் கழற்றியே அதனை அணுக வேண்டும். அவ்வமயமே எண்ணெய் சீலையும் கிளட்சுத் தகடுகளையும் பார்த்துவிடுதல் நன்று; செயின் தேய்ந்திருப்பின் புதுச்சக்கரத்தின்மேல் அதனையே ஓட்டுதல் ஆகாது. வேகமானி முன்சக்கரத்தால் இயங்குதலின் அது பிழைபடாது. கழற்றிய 16 பல் சக்கரத்தை எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி, வண்டியின் பத்திரங்களோடு வைக்க. நாளை அவ்வண்டியை வாங்குபவர் ஏற்காட்டில் குடியிருப்பவராயிருக்கலாம்.