கருந்திரை கண்ணுக்கு மருந்தா?

இருளை விரட்டவே விளக்கு பிறந்தது. பேராக்கின் பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1930இல் செண்டரோ அணைக்கட்டின் மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குப் பாய்ந்தது. தோட்டத்து லயங்கள் பலவற்றிலோ அதன் பின்னும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பொழுது புலருமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டச் சென்ற பரம்பரை அது.

அப்பரம்பரையின் பேரப்பிள்ளைகள் இன்று ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் கைப்பேசித் திரையில் படிக்கின்றனர். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபின், பலருக்குக் கைப்பேசியே வகுப்பறையாயிற்று. கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்று பிள்ளை முறையிட்டால் உடனே ஒரு மருத்துவம் சொல்லப்படுகிறது: திரையைக் கறுப்பாக்கு, எழுத்தை வெள்ளையாக்கு! 2019 செப்டம்பரில் ஆப்பிளும் கூகுளும் தத்தம் கைப்பேசிகளுக்கு அளித்த வசதி இது. வசதி வந்தது குற்றமன்று; அதற்கு மருந்தென்று பெயர் சூட்டியதே குற்றம்.

ஜெர்மனியின் டுசல்டார்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013இல் இளையோரையும் முதியோரையும் சோதித்தனர். இரு சாராருக்குமே வெண்பரப்பில் அமைந்த கரிய எழுத்தே கைகொடுத்தது. எழுத்துச் சிறுக்கச் சிறுக்க அந்நன்மை பெருகுவதையும் அவர்கள் 2014இல் காட்டினர். காரணம் எளிது. வெளிச்சம் மிகுந்தால் கண்மணி சுருங்கும். சுருங்கினால் உருவம் கூர்மையாக விழும். கருந்திரையில் கண்மணி விரிகிறது. சிதறல் பார்வை உடையோர்க்கு எழுத்தின் ஓரம் கசிந்து படர்கிறது. மெய்யையும் உயிர்மெய்யையும் ஒரு சிறு புள்ளியால் பிரிக்கும் தமிழுக்கு இக்கசிவு சிறு தீங்காகுமா?

கருந்திரைக்காகப் பேசுவோரிடமும் சான்று உண்டு. கருமையில் வெண்மையைப் படித்தால் கிட்டப்பார்வை வளராது தடுக்கலாம் என்ற கருத்தை டூபிங்கன் ஆய்வாளர் 2018இல் வெளியிட்டனர். ஆராயத்தக்க கருத்தே! ஆயினும் சோதிக்கப்பட்டோர் எழுவர். படித்த நேரம் ஒரு மணி. எழுவரிடம் ஒரு மணி நேரம் கண்டதை ஒரு தலைமுறைக்கே மருந்தாக எழுதிக்கொடுக்கலாமா?

கண்புரை போன்றவற்றால் கண்ணின் ஒளிவழி மங்கியவர்கள் கருமையில் வெண்மையை எளிதிற் படிப்பதை 1985இலேயே அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கண்டறிந்துள்ளனர். அத்தகைய முதியவருக்கு அது வரமே. இருட்டறையில் படுத்திருப்பவரும் கண் கூசாதிருக்க அதை நாடலாம். அவரவர் கண்ணுக்கு ஏற்றதை அவரவர் தெரிந்தெடுக்கட்டும். ஒருவருக்கு ஊன்றுகோலானது ஊருக்கெல்லாம் கட்டளையாவதுதான் ஏற்கத்தக்கதன்று.

திரை பார்ப்போர் கண் வறள்வதற்கு முதற்காரணம் இமைக்க மறப்பதே. திரையின் நிறத்தை மாற்றினால் இமை தானே அசையுமா? இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இருபதடித் தொலைவில் உள்ளதை இருபது நொடி பார்க்கச் சொல்கின்றனர் கண் மருத்துவர். இதற்குக் காசு வேண்டா.

பிள்ளைகளின் கிட்டப்பார்வைக்கு வலுவான சான்றுடைய மருந்து வெயில். சீனாவின் குவாங்சோ நகரில் பள்ளிப் பிள்ளைகளை நாளொன்றுக்குக் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டனர். மூன்றாண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை கண்டோர் 39.5 விழுக்காட்டிலிருந்து 30.4 விழுக்காடாகக் குறைந்தனர்; 2015இல் அம்முடிவு வெளிவந்தது.

இங்கேதான் நெஞ்சு சுடுகிறது. தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பம், லயத்தின் வறுமையை மட்டுமா விட்டு வந்தது? பிள்ளைகள் பொழுதெல்லாம் ஓடிய திடலையும் விட்டு வந்தது. பறிபோன அந்த வெளிச்சத்திற்கு ஈடாக ஒரு கறுப்புத் திரையை நீட்டுவது என்ன நியாயம்? கண் சுருக்கிப் படிக்கும் பிள்ளையின் கையில் திரையின் நிறத்தை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கும் பெற்றோர், அப்பிள்ளைக்குத் தேவையான மூக்குக்கண்ணாடியை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகின்றனர்.

முதலிற் கண் பரிசோதனை. அடுத்து மாலை வெயிலில் ஓட்டம். அதன் பிறகு திரையின் நிறம். இவ்வரிசை தலைகீழானால், மண்ணெண்ணெய் விளக்கில் எழுத்தறிந்த தலைமுறை தேடித் தந்த வெளிச்சத்தை மின்விளக்கின் கீழிருக்கும் தலைமுறை இழந்துவிடும்.