காசம்பட்டிக் கோவில்காடு

திண்டுக்கல் ஜில்லாவில் அழகர்மலைக்கு அண்மையிலுள்ள காசம்பட்டியில், வீர கோவிலைச் சார்ந்து நிற்கும் பழங்காடு 2025-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் அப்பெயர் பெற்ற மதுரை ஜில்லா அரிட்டாபட்டிக்கு அடுத்து, தமிழ்நாட்டில் இது இரண்டாவது. அரிட்டாபட்டித் தலம் 193 ஹெக்டேருக்கு மேற்பட்டது, இதுவோ 4.97 ஹெக்டேர், அதாவது 12 ஏக்கருக்குச் சற்றே மிகுதி. இத்துணைச் சிறு காட்டுக்குச் சட்டக் காவல் வேண்டுமோ என்று வினவுவோர் உளர். சிறிதாயிருப்பதனாலேயே வேண்டும். பெருங்காடு ஓரத்தில் சிறிது இழந்தாலும் நடுப்பகுதி பிழைக்கும். இதற்கு ஓரமே பெரும்பகுதி.

இங்கு மிகுந்து நிற்பது காயா மரம். காசா என்றும் வழங்குவர். தடித்துப் பளபளக்கும் கரும்பச்சை இலையும், கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாய் மலரும் நீலப்பூவும் உடையது. திருமாலின் திருமேனிக்குப் புலவர் உவமை கூறிய பூ இதுவே. கறுத்துப் பழுக்கும் சிறு கனியைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புகின்றன. மரம் வளர்வதோ மிக மெதுவு. கைப்பருமனுள்ள காயாவைக் கண்டு இளங்கன்றென எண்ணி வெட்டுதல் பெரும் பிழையாகும்.

இத்தகைய காடுகளுக்குக் கோடாரியைக் காட்டிலும் 'சீர்திருத்தமே' அஞ்சத்தக்கது. பக்தியின் மிகுதியால் சருகைக் கூட்டி எரிக்கின்றனர். கொடிகளையும் புதர்களையும் களைந்து மண்டபம் எழுப்புகின்றனர். நிழலுக்கென்று அயல்நாட்டு மரங்களை நடுகின்றனர். சருகே இம்மண்ணின் எரு; விதை முளைப்பதும் அதன் ஈரத்தில்தான். அது போனபின் நிற்கும் மரங்கள் முதுமையடையுமேயன்றி, அவற்றின் இடத்தில் நிற்பதற்குக் கன்றுகள் இரா.

நத்தம் வட்டாரத்து மாந்தோப்புக்காரர்கள் இதனைத் தமக்குப் புறம்பான விஷயமாகக் கருதலாகாது. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பவை ஈக்களும் தேனீக்களும் பிற சிறு பூச்சிகளுமே; அவற்றுட் பல சருகும் மக்கும் உள்ள இடத்தில் பெருகுபவை. பூக்கும் பருவத்தில் மருந்து தெளிப்போர் தம் விளைச்சலையே குறைத்துக்கொள்ளுகின்றனர் என்பதை ஈண்டுச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைதல் வேண்டும். அத்தகைய குழுவில் காட்டோரத்து நிலத்தாரும் இடம்பெறுதல் முறை. கோவில்காடு எவ்வூரில் இருப்பினும், காடென்றால் வெறும் புறம்போக்கு என்று கணக்கிட்டுப் பழகிய கிராம அதிகாரிகள் புலப்படத்தை எடுத்துச்சென்று எல்லைக்கற்களை நேரிற் கண்டு சரிபார்த்தல் நலம். கற்கள் இருக்கும்பொழுதே அதனைச் செய்வது எளிது. அடுத்த தோப்பு கைமாறிய பின்னர் அது வழக்கில் கொண்டுவிடும்.