மின்மகிழுந்து: விளம்பரம் சொல்லும் தூரமும் சாலை சொல்லும் தூரமும்



கோப்பெங்கிலும் இப்போது மின்மகிழுந்துப் பேச்சு பெருகிவிட்டது. ஒன்பது ஆண்டுக் கடன் எடுத்து வாங்க எண்ணும் குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஒருமுறை மின்னேற்றினால் எவ்வளவு தூரம் ஓடும்?" என்பதே. உடனே ஓர் எண் விடையாக வருகிறது. அஃது எந்தச் சோதனையில் கிடைத்த எண் என்பதைப் பலரும் சொல்வதில்லை; நாமும் கேட்பதில்லை. இந்தப் போக்கை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

ஒரு சான்று பாருங்கள். 2022 டிசம்பரில் மலேசியாவில் அறிமுகமான பி.ஒய்.டி. அட்டோ 3 மகிழுந்தில், கூடுதல் தூரம் ஓடும் வகையின் மின்கலக் கொள்ளளவு 60.48 கிலோவாட் மணி. மின்கட்டண மொழியில் சொன்னால் 60.48 யூனிட். என்.இ.டி.சி. சோதனைப்படி இது 480 கி.மீ. ஓடும், டபிள்யூ.எல்.டி.பி. சோதனைப்படி 420 கி.மீ. ஓடும். அதே வண்டி, அதே மின்கலம். வேறுபாடு 60 கி.மீ.! இரண்டுமே முறையான சோதனைகள்தாம். ஆயினும் சோதனையின் பெயரை மறைத்துப் பெரிய எண்ணை மட்டும் கூறுவது அரை உண்மையே ஆகும்.

என்.இ.டி.சி. என்பது ஏறத்தாழ 20 நிமிடம், 11 கி.மீ. தூரம் நடக்கும் ஆய்வுக்கூடச் சோதனை. அதன் சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 34 கி.மீ. மட்டுமே. ஐரோப்பா 2017 முதல் இதனைப் படிப்படியாகக் கைவிட்டு, டபிள்யூ.எல்.டி.பி. முறைக்கு மாறியது. அதன் சராசரி வேகம் ஏறத்தாழ 46 கி.மீ. இரண்டிலும் குளிர்சாதனம் இயங்குவதில்லை. நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வேக வரம்போ 110 கி.மீ.! பேராக் வெயிலில் குளிர்சாதனமின்றி எவர் பிள்ளைகளை ஏற்றிச் செல்வார்?

கணக்குப் போடுவோம். 60.48 யூனிட்டில் 480 கி.மீ. என்றால் 100 கி.மீ.க்கு 12.6 யூனிட் செலவு. நெடுஞ்சாலையில் காற்றின் எதிர்ப்பால் அது 18 யூனிட் ஆவதாக வைத்துக்கொள்வோம். தூரம் 336 கி.மீ.யாகச் சுருங்கிவிடும். கோப்பெங்கிலிருந்து கோலாலம்பூர் போய்வர ஏறத்தாழ 370 கி.மீ. ஆகும். விளம்பர எண்ணை நம்பினால் 110 கி.மீ. மிச்சம், சாலைக் கணக்கில் தாப்பா வட்டாரத்திலேயே மின்கலம் காலி!

சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறுவோருக்கு இன்னொரு கணக்கு. ஆட்களோடு இரண்டு டன் எடையை 1,400 மீட்டர் உயர்த்தவே ஏறத்தாழ 7.5 யூனிட் வேண்டும். மின்கலத்தில் எட்டில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். இறங்கும்போது ஒரு பகுதிதான் திரும்பக் கிடைக்கும்.

"இந்த எண்கள் வண்டிகளை ஒப்பிடுவதற்குத்தானே?" என்பர் சிலர். ஒரு வண்டிக்கு ஒரு சோதனை, மற்றதற்கு வேறு சோதனை என்றால் ஒப்பீடு எங்கே? "பெட்ரோல் வண்டியிலும் இப்படித்தானே?" என்பாரும் உளர். பெட்ரோல் நிலையம் சிற்றூர்தோறும் உண்டு. ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம். விரைவு மின்னேற்றி அப்படியா?

நேர்மையாகச் சொல்வது இயலாத செயலன்று. இந்தியாவில் டாடா நிறுவனம் 2024-இல் 45 யூனிட் நெக்ஸான் மின்மகிழுந்துக்கு அரசுச் சோதனைத் தூரம் 489 கி.மீ. என்றும், வாடிக்கையாளர் பெரும்பாலோர் எதிர்பார்க்கத்தக்க தூரம் 350 முதல் 370 கி.மீ. என்றும் இரண்டையும் சேர்த்தே வெளியிட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஆகவே, கையொப்பமிடுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

1. இந்தத் தூரம் எந்தச் சோதனையில் கிடைத்தது?
2. மின்கலத்தில் பயன்படுத்தத்தக்க கொள்ளளவு எத்தனை யூனிட்?
3. குளிர்சாதனத்தோடு 110 கி.மீ. வேகத்தில், 100 கி.மீ.க்கு எத்தனை யூனிட் செலவாகும்?
4. மின்கல உத்தரவாதம் எத்தனை ஆண்டு? எட்டு ஆண்டு என்றால், ஒன்பதாம் ஆண்டுக் கடன் தவணையின்போது யார் பொறுப்பு?

இவற்றை எழுத்தில் பெறுங்கள். மின்மகிழுந்துக்கு நான் எதிரியல்லன். அரை உண்மைக்கே எதிரி. ஆசிரியர்களே, இந்தக் கணக்கைப் படிநிலை இரண்டு மாணவர்க்குக் கொடுங்கள். வகுத்தலும் விழுக்காடும் அறிந்த பிள்ளை, விளம்பரப் பலகையைக் கேள்வி கேட்கும். அந்தக் கேள்வி ஒரு குடும்பத்தின் ஒன்பது ஆண்டு உழைப்பைக் காக்கும்.