பழைய கார் விற்பனையில் வண்டியின் வரலாற்றை எழுத்தில் தரச் செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கார் உரிமையாளர்கள், ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள் சங்கம்,
எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கள்ளக்குறிச்சி.

நகல்: போக்குவரத்து ஆணையர், சென்னை; மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், கள்ளக்குறிச்சி; வட்டாரப் போக்குவரத்து அலுவலர், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பொருள்: சர்வீஸ் ரிக்கார்டு இல்லாமல் பழைய கார்கள் விற்கப்படுவது – வாங்குவோர் அடையும் இழப்பு – விற்பவர் கையெழுத்திட்ட விவரத்தாளைக் கட்டாயமாக்கவும், ஏற்கெனவே உள்ள விதிகளை நடைமுறைப்படுத்தவும் கோருதல் – தொடர்பாக.



உளுந்தூர்பேட்டையில் பிரிந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். சென்னையில் கழித்த வண்டி, புதுச்சேரிப் பதிவு வண்டி, சேலத்தில் ஃபைனான்ஸ்காரர் பிடித்துவந்த சீசிங் வண்டி, எல்லாம் இந்த வழியாகத்தான் கைமாறுகின்றன. வாங்குகிறவர்கள் கரும்புப் பணம் கைக்கு வந்த விவசாயி, பெங்களூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர், அடுத்தவர் வண்டியை ஓட்டிச் சலித்துச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று நகையை அடகு வைத்த டிரைவர். புது வண்டி இவர்களுக்கு எட்டாது. எனவே பழைய வண்டிச் சந்தை கெட்டது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அது இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் கார் ஸ்டியரிங்கையே பிடித்திருக்க மாட்டோம்.

எங்கள் குறை வேறு. வண்டியைக் காட்டுகிறார்கள், ஆர்.சி. புத்தகத்தைக் காட்டுகிறார்கள். இதுவரை எங்கே சர்வீஸ் பார்த்தது, எப்போது எதை மாற்றியது, எங்கே அடிபட்டது என்று கேட்டால், “டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர், கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த வட்டாரத்தில் விற்ற கார்களை ஓட்டியதாகச் சொல்லப்படும் டாக்டர்களை ஒன்று சேர்த்தால் சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரியிலேயே இடம் போதாது.

சர்வீஸ் ரிக்கார்டு என்பது பில்களின் கட்டு மட்டுமல்ல என்பதை எங்கள் மெக்கானிக் உறுப்பினர்கள் சொல்லித் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் அந்தப் பெல்ட்டைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றியாக வேண்டும். மாற்றாமல் ஓட்டி, ஓடும்போது அறுந்தால், பெரும்பாலான இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்து வால்வில் மோதும். ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். வெளியிலிருந்து பார்த்து அந்தப் பெல்ட்டின் வயதைச் சொல்ல எந்தக் கில்லாடியாலும் முடியாது. பிரேக் ஆயிலும் அப்படியே. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் மாற்றாத ஆயில் சமவெளியில் தொந்தரவு தராது. கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் பக்கம் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது சூடேறி, ஆயிலுக்குள் ஆவிக் குமிழி உண்டாகி, பெடல் தொளதொளவென்று உள்ளே போகும். கல்வராயன் மலையிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு இரவில் இறங்கும் வாடகைக் கார்களில் பல இப்படிக் கைமாறி வந்தவை. ஆகவே இது வாங்கியவனின் பணக் கணக்கோடு முடியும் விஷயம் அல்ல.

ரிக்கார்டு இல்லாத வண்டி வந்தால் எங்கள் பட்டறைகளில் முதலில் சொல்வது, இன்ஜின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள், பெல்ட் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள் என்பதுதான். வாங்கும்போதே கையிலிருந்ததைச் சுரண்டிக் கொடுத்தவர் அதற்கு எங்கே போவார்? “அடுத்த மாசம் பார்த்துக்கலாம்” என்று வண்டியை எடுத்துப் போய்விடுகிறார்.

கிலோமீட்டர் மீட்டர் பற்றி ஒளிக்காமல் சொல்கிறோம். முன்பு மீட்டரைக் கழற்றித் திருப்பி வைக்க ஓர் ஆள் வேண்டும், அரைநாள் வேண்டும். டிஜிட்டல் மீட்டர் வந்தபிறகு ஒரு கருவியைச் செருகினால் சில நிமிடங்களில் ஒன்றரை லட்சம் ஐம்பத்தைந்தாயிரம் ஆகிவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கென்று தனிப் பிரிவு இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் மோசடி என்று புகார் கொடுக்கலாம். ஆனால் வாங்கியபோது மீட்டர் எவ்வளவு காட்டியது என்பதற்கே எழுத்து இல்லாதபோது எதை வைத்து நிரூபிப்பது? காவல் நிலையத்தில் “இது சிவில் விவகாரம்” என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

அடுத்தது வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தெருத்தெருவாகக் கார்கள் மூழ்கியதை நாடே பார்த்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபின் அரசூர் பக்கம் நெடுஞ்சாலையிலேயே தண்ணீர் ஏறிப் போக்குவரத்து நின்றது. எங்கள் வாசலுக்கே வந்த வெள்ளம் அது. மூழ்கிய வண்டியைப் பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனங்கள் அதை முழுச் சேதம் என்று கணக்கிட்டு, உரிமையாளருக்குப் பணம் கொடுத்து, வண்டியை ஏலத்தில் விற்கிறார்கள். ஏலம் எடுத்தவர் கழுவி, சீட் கவர் மாற்றி, வாசனைத் திரவியம் அடித்துச் சந்தைக்குக் கொண்டுவருகிறார். சில மாதம் நன்றாகவே ஓடும். பிறகு வயரிங் கப்ளர்களில் பச்சை பூத்து, ஒருநாள் பவர் ஸ்டியரிங், மறுநாள் ஏர்பேக் விளக்கு என்று ஒவ்வொன்றாக வரும். பழகிய மெக்கானிக் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பார், ஸ்டெப்னி குழியில் துருவைத் தடவுவார். மெக்கானிக்கைக் கூட்டிப்போக முடியாதவர் என்ன செய்வார்?

வண்டி நிரந்தரமாகப் பயன்பாட்டுக்கு ஆகாமல் அழிந்துபோனால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் காப்பீட்டுக் கணக்கில் செத்த வண்டி ஆர்.சி.யில் உயிரோடு உலவுகிறது. அந்த ஆர்.சி.யும் சேசிஸ் நம்பரும் திருட்டு வண்டிக்கு மறுபிறவி கொடுக்கவும் உதவும் என்பதைக் காவல் துறையினருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

டாக்ஸியாக ஓடித் தேய்ந்த டி-போர்டு வண்டியை ஓன் போர்டாக மாற்றி, வெள்ளைப் பலகை போட்டு விற்பது இன்னொரு வகை. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளையும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளையும் ஓட்டக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபின், அங்கே விலை போகாத டீசல் கார்கள் தெற்கே வரத் தொடங்கின. என்.ஓ.சி. என்னும் தடையின்மைச் சான்று, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி எல்லாம் வாங்கியவர் தலையில் விழும்போதுதான் மலிவு மலிவல்ல என்று தெரிகிறது.

பெயர் மாற்றம் பற்றியும் சொல்லியாக வேண்டும். விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு. நடப்பது என்ன? முதல் உரிமையாளரிடம் 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டு, வண்டி மூன்று நான்கு கை மாறுகிறது. நடுவில் இருந்தவர்கள் யாரும் காகிதத்தில் இல்லை. விபத்து நடந்தால் பதிவுப் புத்தகத்தில் யார் பெயரோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வண்டியை விற்றுப் பணத்தைச் செலவழித்துவிட்டு நிம்மதியாக இருப்பவருக்கு நீதிமன்ற நோட்டீஸ் வருவது இதனால்தான். 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் வெடித்த மாருதி 800 பல கைகள் மாறிய வண்டி. போலீசார் ஒவ்வொரு பழைய உரிமையாளராக விசாரித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அத்தனை பேர் வீட்டுக் கதவையும் தட்டும் வேலையைப் பெயர் மாற்றம் ஒன்றே மிச்சப்படுத்தியிருக்கும்.

ஐயா, சட்டம் இல்லாமல் நாங்கள் கேட்கவில்லை. பழைய வாகன வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி கைக்கு வந்ததும் இணையவழியில் தெரிவிக்க வேண்டும், வண்டி எதற்காக எத்தனை கிலோமீட்டர் வெளியே போனது என்று மின்னணுப் பதிவேடு வைக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உளுந்தூர்பேட்டை முதல் சின்னசேலம் வரை சாலையோரம் கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கும் இடங்களில் அங்கீகாரச் சான்று மாட்டியிருப்பதை நாங்கள் பார்த்ததில்லை. எனவே எங்கள் முதல் கோரிக்கை, அந்த இடங்களைக் கணக்கெடுத்து, ஒரு முகாம் நடத்தி அங்கீகாரம் வழங்கி, அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் ஒட்ட வேண்டும் என்பதே. எடுத்த எடுப்பில் வழக்குப் போட வேண்டாம். புரோக்கர் வேலை பார்ப்பவர்களில் எங்கள் உறவினர்கள் உண்டு, உறுப்பினர்களும் உண்டு. நேர்மையாகச் செய்பவருக்கு இந்தச் சான்று நல்லதுதான்.

இரண்டாவது கோரிக்கைதான் இந்த மனுவின் உயிர். ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பக்கத் தமிழ் விவரத்தாள் வேண்டும். விற்கும் நாளில் மீட்டர் காட்டும் கிலோமீட்டர், கடைசி சர்வீஸ் எங்கே எப்போது, டைமிங் பெல்ட்டும் கிளட்ச்சும் மாற்றியதா இல்லையா, விபத்தா, வெள்ளமா, காப்பீட்டில் இழப்பீடு வாங்கியதா, முன்பு டாக்ஸியாக ஓடியதா, கடன் பாக்கி உண்டா. தெரியாததற்கு “தெரியாது” என்று எழுதட்டும், அதில் தவறில்லை. கீழே விற்பவரும் நடுவில் நிற்பவரும் கையெழுத்திட வேண்டும். பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு இதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தாங்கள் அறிவுறுத்த வேண்டும். கட்டாயமாக்க அரசாணை வேண்டுமென்றால், அது வரும்வரை வேண்டுகோளாகவாவது தொடங்கலாம். இந்தத் தாள் கையில் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் வியாபாரி மீது வழக்குத் தொடுக்கலாம், காவல் நிலையத்தில் புகாருக்கு ஆதாரம் இருக்கும். தனி ஆளிடம் நேரடியாக வாங்கியவருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு பெரும்பாலும் திறக்காது. அவருக்கு இந்தத் தாளை விட்டால் வேறு பிடிமானமே இல்லை.

கிலோமீட்டர் விஷயத்தில் அரசுக்குப் பரிந்துரைக்க ஒரு வழி இருக்கிறது. ஓராண்டு கடந்த ஒவ்வொரு காரும் புகைச் சான்றுக்காகச் சோதனை மையத்துக்கு வந்தாக வேண்டும். அங்கே நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கிறார்கள். அதே நேரத்தில் மீட்டரையும் படம் பிடித்து ஒன்றிய அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் ஏற்றினால், ஆண்டுதோறும் ஏறும் கணக்கு தானாகப் பதிவாகும். அதன்பின் குறைத்துக் காட்டினால் எவரும் கண்டுபிடித்துவிடலாம். பெல்ஜியத்தில் 2006 முதல் கார்-பாஸ் என்ற சான்று இல்லாமல் பழைய கார் விற்க முடியாது. பட்டறைக்கு வரும்போதெல்லாம் குறித்த கணக்கு அதில் இருக்கும். பிரிட்டனில் 2005 முதல் நடந்த ஆண்டுச் சோதனைகளின் முடிவையும் மைல் கணக்கையும் வண்டி எண்ணைத் தட்டினால் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நம் வாகன் தளத்தில் உரிமையாளர் எத்தனையாவது ஆள், காப்பீடு உண்டா, கடன் உண்டா என்பதெல்லாம் ஏற்கெனவே தெரிகிறது. மீட்டர் கணக்கும், காப்பீட்டு நிறுவனம் முழுச் சேதமென்று தீர்த்த குறிப்பும் மட்டும் சேர வேண்டும். இவ்விரண்டையும் போக்குவரத்து ஆணையர் வழியாக ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைக்கக் கோருகிறோம்.

மாவட்ட அளவில் முடியக்கூடிய இன்னொன்று: மாதம் ஒருநாள் அரசு ஐ.டி.ஐ. வளாகத்தில், குறைந்த கட்டணத்தில், வாங்கப்போகும் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்து, ஸ்கேனர் போட்டுச் சொல்லும் முகாம். மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. எங்கள் மூத்த மெக்கானிக்குகள் சம்பளம் கேட்காமல் வந்து நிற்பார்கள். மோசடிப் புகார்களைக் காவல் நிலையங்கள் பதிவுசெய்து ரசீது தருமாறு காவல் கண்காணிப்பாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பக்கத்துப் பொறுப்பையும் சொல்லிவிடுகிறோம். ரிக்கார்டு இல்லாமல் போனதற்கு, பில் போடாமல் வேலை பார்க்கும் எங்கள் பட்டறைகளும் காரணம். உறுப்பினர் பட்டறைகள் அனைத்திலும் வண்டி எண், தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள் எழுதிய பில்லை நகலோடு கொடுப்பது என்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. விவரத்தாளின் மாதிரியை இம்மனுவுடன் இணைத்துள்ளோம்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையைச் சங்கத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், காவல் துறை, வியாபாரிகள், எங்கள் சங்கம் ஆகிய தரப்பினரை ஒரே மேசையில் அமர்த்தித் தங்கள் தலைமையில் ஒரு கூட்டம் நடத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்
எலவனாசூர்கோட்டை

இணைப்பு: விவரத்தாள் மாதிரி – 1 பக்கம், உறுப்பினர்களின் கையெழுத்துத் தாள்கள்.